சி5 எங்கே சறுக்கியது? சின்ன மின்வண்டி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1985 ஜனவரி 10. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது. உள்ளே, அட்டைப்பெட்டிகளைப் பிய்த்துக்கொண்டு வெள்ளை நிறக் குட்டி மூன்றுசக்கர வண்டிகள் பத்திரிகையாளர்கள் முன்னால் ஓடி வந்தன. கால்குலேட்டராலும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டராலும் பேர் வாங்கியிருந்த சர் கிளைவ் சின்க்ளேரின் சி5 அது. விலை 399 பவுண்டு. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. அக்டோபரில் கம்பெனி, கடன் கொடுத்தவர்கள் தரப்பு நிர்வாகியின் கைக்குப் போனது. செய்தது சுமார் 14,000 வண்டி. அதுவரை விற்றது 5,000 சொச்சம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒரு தவறு செய்வார்கள். "வாஷிங் மெஷின் மோட்டாரைப் போட்டால் வண்டி எப்படி ஓடும்?" என்று சிரிப்பார்கள். வண்டியைக் கோத்துக் கொடுத்தது வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் இருந்த ஹூவர் தொழிற்சாலை. அங்கே வாஷிங் மெஷினும் செய்தார்கள் என்பதால் கிளம்பிய வதந்தி இது. மோட்டார் வந்தது இத்தாலியிலிருந்து. அடிச்சட்டத்தை உருவாக்குவதில் லோட்டஸ் கார் கம்பெனியின் பொறியாளர்கள் உதவினார்கள். பொறியியல் ஒன்றும் கேவலமில்லை. பழியை மோட்டார்மேல் போட்டுவிட்டால் நிஜமான கோளாறு கண்ணில் படாமலே போய்விடும்.

அந்தக் கோளாறு சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. 1983-இல் பிரிட்டனில் மின்துணை மிதிவண்டிகளுக்கு ஒரு விதி வந்தது. மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது, மூன்று சக்கரம் என்றால் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது, எடை 60 கிலோவுக்குள், மிதிக்கட்டை கட்டாயம். இதற்குள் அடங்கினால் லைசென்ஸ் வேண்டாம், வாகன வரி வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம். 14 வயதுப் பிள்ளைகூட ஓட்டலாம். சின்க்ளேருக்கு இது லட்டு மாதிரி கிடைத்த வாய்ப்பு. வண்டியின் வேகம், எடை, மோட்டார் எல்லாமே இந்த வேலிக்குள் பொருந்தும்படி அமைந்தன. யாருக்காக, எந்தத் தெருவில், என்ன வேலைக்கு என்று முன்கூட்டியே சந்தையில் போய் யாரும் விசாரிக்கவில்லை. வண்டி ஏறக்குறைய முடிந்த பிறகுதான் சில குடும்பங்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். விதி அனுமதிக்கிறது என்பதையே ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டதுதான் இதில் பெரிய தவறு என்பேன். நம் நாட்டிலும் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் மின்ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கிட்டத்தட்ட இதே வேலிதான். "லைசென்ஸ் தேவையில்லை" என்பதைத் தவிர விளம்பரத்தில் சொல்ல வேறொன்றும் இல்லையென்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, வண்டியில் உட்கார்ந்து பார்ப்போம். மொத்த உயரம் 80 சென்டிமீட்டருக்குள், சாப்பாட்டு மேசை அளவு. சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னே நீட்ட வேண்டும். கைப்பிடியைத் தேடினால் முன்னால் இருக்காது. தொடைக்கு அடியில், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பழகிவிட்டால் சுகம்தான் என்று ஓட்டியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் இருக்கையை முன்னே பின்னே நகர்த்த முடியாது. குள்ளமானவருக்கு மிதிக்கட்டை எட்டவில்லையா? முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு மெத்தை, தனியாக வாங்கிக்கொள்ளலாம். நெட்டையானவருக்கு அந்த வசதியும் இல்லை, முழங்காலை மடக்கித்தான் மிதிக்க வேண்டும். கியரோ ஒன்றே ஒன்று. மேட்டில் மோட்டார் சூடாகி நின்றுவிட்டால், பேட்டரியோடு சேர்த்து 45 கிலோ வண்டியைச் சாய்ந்தபடியே மிதித்து ஏற்ற வேண்டும். சைக்கிளில் என்றால் எழுந்து நின்று உடம்பு பாரத்தைப் போட்டு மிதிக்கலாம். இதில் அதற்கு வழியில்லை. ரிவர்ஸும் கிடையாது. திருப்ப வேண்டுமென்றால் இறங்கி, முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

இப்போது அதே உயரத்தில், லண்டன் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். புகைக்குழாய் முகத்துக்கு நேராக இருக்கும். லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். தொழில்முறை வடிவமைப்பாளர் கடைசிக் கட்டத்தில்தான் வந்தார். உட்கார்ந்து பார்த்ததுமே பயந்துபோய், பின்னால் உயரமாக ஒரு பளிச்சென்ற கம்பம் வேண்டும் என்றார். கம்பம் வந்தது; ஆனால் தனிக்காசு கொடுத்து வாங்கும் உதிரியாக. கண்ணாடியும் இண்டிகேட்டரும் அப்படியே. விலையை 399-இல் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் புரிகிறது. ஆனால் உயிருக்குப் பயந்தவன் வாங்க வேண்டிய பொருட்களை ஒரு பட்டியலாகக் கையில் கொடுத்தால், "அப்படியானால் இந்த வண்டி ஆபத்தா?" என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? பாதுகாப்புக்கான எதையும் உதிரிப்பட்டியலில் வைக்காதீர்கள். விலை கட்டவில்லையென்றால் வண்டியே இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

பேட்டரி விஷயம் இன்னொரு ரகம். நல்ல மின்வண்டிகள் சந்தைக்கு வந்துவிட்டால் பேட்டரிக்காரர்கள் தானாக முன்னேறிவிடுவார்கள் என்று சின்க்ளேர் நம்பினார். கடைசியில் அது நடக்கத்தான் செய்தது, ஆனால் அவர் கம்பெனி மூடிப் பல வருஷம் கழித்து, லித்தியம் பேட்டரியில். 1985-இல் அவர் கையில் இருந்தது 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. ஒரு சார்ஜில் 20 மைல் என்பது சமதரையில், மிதிக்கட்டையின் துணையோடு, நல்ல வானிலையில் சொல்லக்கூடிய கணக்கு. குளிரில் லெட்-ஆசிட் சோர்ந்துவிடும் என்பது மெக்கானிக் ஷாப் பையனுக்கும் தெரியும்.

அப்படியிருக்க, அறிமுகத்துக்கு ஜனவரியைப் பிடித்தார்களே, அதை என்னவென்று சொல்வது! மேல்மூடி இல்லாத வண்டியைப் பனி உறைந்த பாதையில், குன்றின்மேல் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே, பத்திரிகையாளர்கள் கையில் கொடுத்தார்கள். சக்கரம் வழுக்கியது, மோட்டார் திணறியது, சில வண்டிகள் நகரவே இல்லை. மறுநாள் பேப்பரில் என்ன வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, முதலில் விற்பனை தபால் ஆர்டரில்தான். உட்கார்ந்து பார்த்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய பொருளைப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை அவர் அப்படித்தான் விற்றார், அங்கே பலித்தது. மேசைமேல் வைக்கும் பெட்டியை நம்பி வாங்கலாம். சாலையில் உட்கார்ந்து போகும் ஒன்றை அப்படி வாங்க மாட்டார்கள்.

விற்காமல் கிடந்ததைப் பிறகு ஒரு சில்லறைக் கடைச் சங்கிலி 140 பவுண்டுக்குத் தள்ளிவிட்டது. இன்று அதே வண்டியைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்து வாங்கி, மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றி ஓட்டுகிறார்கள். இருக்கையை மட்டும் இன்னமும் நகர்த்த முடியாது.