பழைய ஆர் 100 ஆர்எஸ் வாங்கப் போகிறீர்களா? முகப்பிலிருந்து தொடங்குங்கள்

பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் மோட்டார் சைக்கிளுக்கு இன்ஜின் போனால் இன்ஜின் கிடைக்கும். கிளட்ச் தட்டு, ஆயில் சீல், கேபிள், பிஸ்டன் வளையம் எல்லாமே இன்றும் ஜெர்மனியில் ஏதாவது ஒரு கடை அலமாரியில் இருக்கின்றன. கிடைக்காத பொருள் ஒன்றுதான்: தொழிற்சாலையிலிருந்து வந்த, விரிசல் விடாத, முழு ஃபேரிங், அதாவது காற்றை விலக்க வண்டியின் முகப்பை மூடியிருக்கும் கூடு. முதல் வண்டி பார்க்கப் போன நாளில் எனக்கு இது தெரியாது. சைலன்சரின் பளபளப்பை அரை மணி நேரம் ரசித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வண்டி 1976இல் வந்தது. ஹான்ஸ் மூத் வடிவமைத்தார். இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கிய முழு ஃபேரிங், பெரிய அளவில் தயாரித்து விற்ற மோட்டார் சைக்கிள் ஒன்றில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. 980 சி.சி., 70 குதிரைத்திறன், சங்கிலிக்குப் பதில் தண்டு. மழையிலும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டலாம். 1984இல் நிறுத்தினார்கள். 1986இல் பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஒற்றைக் கையோடும் 60 குதிரைத்திறனோடும் திரும்ப வந்தது. இங்கே நான் சொல்வது முதல் வகையைப் பற்றி. பின்சக்கரத்தின் இரு பக்கமும் கை இருந்தால் அது முதல் வகை.

படி 1: கிளம்புவதற்கு முன்

விற்பவரிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். புதுப்பித்தபோது எடுத்த படங்கள் உள்ளனவா? உதிரிபாகம் வாங்கிய ரசீதுகள் உள்ளனவா? நான் வரும்வரை இன்ஜினை இயக்காமல் வைத்திருப்பீர்களா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். சூடாக்கி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போய்ச் சேர்ந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, முதல் வேலையாகப் புறங்கையை சிலிண்டர் மேல் வையுங்கள். இரண்டு சிலிண்டரும் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் இதற்குக் குனியக்கூட வேண்டாம். வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: சிறிய டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, பழைய துணி. முடிந்தால் உங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவர். பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் என்னோடு வந்தார். அவர் காரில் சொன்ன ஒரே அறிவுரை: "தம்பி, வண்டியைப் பார்த்து முகத்தில் சிரிப்பைக் காட்டாதீர்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் நூறு யூரோ."

படி 2: ஃபேரிங்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும்.

முதலில் ஐந்து மீட்டர் முன்னால் போய், முன்சக்கரத்தை நேராக வைத்துப் பாருங்கள். ஃபேரிங்கின் நடுக்கோடும் சக்கரத்தின் நடுக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஃபேரிங் கைப்பிடியோடு திரும்பாது. குழாய்ச் சட்டம் ஒன்றின் வழியாக வண்டியின் கழுத்தோடு பிணைந்திருக்கிறது, முகவிளக்கும் அதோடு அசையாமல் நிற்கிறது. வண்டி ஒருமுறை விழுந்திருந்தால் அந்தச் சட்டம் சற்று வளைந்திருக்கும். பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் ஒரு பக்கம் கோணியிருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, உள்பக்கம். ஃபேரிங்கைப் புதுப்பிக்கிறவர்கள் வெளியேதான் அழகு பார்ப்பார்கள். டார்ச்சை உள்ளே விட்டுக் கண்ணாடியில் பாருங்கள். பழைய கண்ணாடியிழையின் உள்முகம் சொரசொரப்பாக, தூசி ஏறி, ஒரே நிறத்தில் இருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் பளபளப்பாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெரிந்தால், அங்கே பிசின் ஊற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஒட்டு இருப்பது தவறில்லை. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு ஒட்டு வரும். அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு.

திருகு போகும் ஒவ்வொரு துளையையும் பாருங்கள். அதிர்வில் முதலில் விரிவது அங்கேதான். துளையைச் சுற்றிச் சிலந்திக்கால்போல் மெல்லிய கோடுகள் ஓடும். பெயின்டில் மட்டுமா, இழையிலும் இறங்கியிருக்கிறதா என்பதை உள்பக்கத்தில் அதே இடத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிறகு விரல் மடக்கித் தட்டுங்கள். தேங்காய் வாங்கும்போது தட்டுவோமே, அதே கவனத்தோடு. நல்ல இழை ஒரே சுருதியில் ஒலிக்கும், பள்ளத்தை நிரப்ப மக்கு (புட்டி) அப்பிய இடம் "தொப்" என்று சத்தமில்லாமல் அடங்கும். நான் முதலில் பார்த்த வண்டியின் இடப்பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. அண்ணர் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக், தொப். உள்ளங்கை அகலத்துக்கு மக்கு. அதற்கு நேர் கீழே, சிலிண்டர் முனையில் இருக்கும் இடப்பக்க வால்வு மூடி புத்தம் புதியது, வலப்பக்க மூடியோ பழையது. இந்த வண்டி சாய்ந்தால் முதலில் தரையில் உரசுவது வால்வு மூடி, அதற்கடுத்தது ஃபேரிங். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. விற்பவரும் எதுவும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பாகங்கள் சேரும் இடுக்குகள் இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு பட்டறைகள் வார்த்த நகல் ஃபேரிங்குகள் சந்தையில் உண்டு. தினமும் ஓட்டுவதற்கு அவை போதும். ஆனால் அசல் விலைக்கு நகல் வாங்காதீர்கள். கைப்பிடியைக் கோடிக்குக் கோடி திருப்பி, எந்தக் கேபிளாவது விளிம்பில் தேய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: இது உண்மையிலேயே ஆர்எஸ் தானா?

ஆர் 100/7 என்று ஃபேரிங் இல்லாத உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. வண்டியின் சட்டம் (ஃபிரேம்) ஏறக்குறைய அதே. யாரோ ஒருவர் ஆர்எஸ் ஃபேரிங்கை வாங்கி அதில் பூட்டி, ஆர்எஸ் என்று எழுதி ஒட்டிவிடலாம். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கார்புரேட்டரின் உடம்பில் பிங் நிறுவனத்தின் எண் பொறித்திருக்கும். 94/40 என்று தொடங்கினால் அது 40 மில்லிமீட்டர், ஆர்எஸ்ஸுக்கு உரியது. 64/32 என்றால் சிறியது. பதிவுப் பத்திரத்தில் சக்தி 51 கிலோவாட் என்று இருக்க வேண்டும்.

அடுத்து எண்கள். இன்ஜின் எண் இடப்பக்கம், ஆயில் அளக்கும் குச்சிக்கு மேலே இருக்கிறது. சட்ட எண் கழுத்துக்குப் பக்கத்தில், ஃபேரிங்குக்குள் ஒளிந்திருக்கும். டார்ச் இல்லாமல் தெரியாது. எழுபதுகளின் வண்டிகளில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் இன்ஜின் மாறியிருக்கிறது என்று பொருள். ஓட்டத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, விலை மட்டும் இறங்க வேண்டும்.

படி 4: டேங்கைக் கழற்றச் சொல்லுங்கள்

புதியவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். இரண்டு நிமிட வேலைதான். சீட்டைத் தூக்கினால் டேங்கின் வால்பகுதியில் கையால் திருகும் இரண்டு சிறகு நட்டுகள். அவற்றை எடுத்து, இரு பக்கமும் பெட்ரோல் குழாயை மூடிப் பிடுங்கி, டேங்கைப் பின்னோக்கித் தூக்கினால் வந்துவிடும். முழு டேங்க் என்றால் 24 லிட்டர், இன்னொருவரைக் கைகொடுக்கச் சொல்லுங்கள்.

எதற்காக இதெல்லாம்? 1980 வரையிலான வண்டிகளில் முன் பிரேக்கின் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் கைப்பிடியில் இல்லை. டேங்குக்கு அடியில், சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடியிலிருந்து ஒரு கேபிள் அதை இழுக்கிறது. அங்கே கசிந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. பிரேக் எண்ணெய் சட்டத்தின் பெயின்டை மெல்லத் தின்றுகொண்டிருக்கும். "முழுக்கப் புதுப்பித்தது" என்று விளம்பரம் செய்த வண்டியில் அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து கிடந்தால், அந்த "முழுக்க" எதுவரை என்று தெரிந்துகொள்ளலாம். டேங்கின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துத் துருவைப் பார்த்துவிடுங்கள்.

படி 5: இயக்கிப் பாருங்கள்

இரு பக்கமும் பெட்ரோல் திறப்பைத் திறந்து, சோக் இழுத்து, ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பக்கத்துத் தாங்கியில் சாய்த்து நிறுத்தியிருந்தால் இடப்பக்க சைலன்சரிலிருந்து ஒரு மூச்சு நீலப்புகை வரும். இது இந்த இன்ஜினின் இயல்பு, பதற வேண்டாம். புகை நிற்காமல் வந்தால் பதறுங்கள். நின்றபடியே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திருகினால் வண்டி வலப்பக்கம் ஒரு அசைவு அசையும். அதுவும் இயல்புதான்.

சிலிண்டருக்கு அடியில் வால்வுத் தண்டுகள் போகும் குழாய்களின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ரப்பர் சீல் மலிவு. ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஆயில் சொட்டினால் கியர்பாக்ஸைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. அதற்கான கூலியை விலையில் குறையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஃபேரிங்கின் சத்தத்தைக் கேளுங்கள். கடகடப்பு இருக்கக் கூடாது. உள்ளே பதித்திருக்கும் வோல்ட்மீட்டரில் முள் ஓட்டத்தில் 13க்கு மேல் நிற்க வேண்டும், கீழேயே தொங்கினால் சார்ஜ் ஏறவில்லை. டயரின் வயதையும் பாருங்கள். நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கோடுகள் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி மழையில் போகாதீர்கள்.

படி 6: விற்பவரைச் சோதிக்க ஒரு கேள்வி

"ஆயில் ஃபில்டர் மாற்றியது யார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இந்த இன்ஜினில் ஃபில்டர் மூடிக்குள் ஒரு வெள்ளை ரப்பர் வளையம் இருக்கிறது. அதை ஆழம் அளந்து, தேவையான தடிமனுக்குத் தகடு வைத்துப் பொருத்த வேண்டும். தவறினால் ஆயில் அழுத்தம் கசிந்து இன்ஜினையே காவு வாங்கும். அமெரிக்காவில் இதற்கு "இரண்டாயிரம் டாலர் வளையம்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வண்டியை உண்மையிலேயே தன் கையால் புதுப்பித்தவர் இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பேசுவார். நான் கடைசியில் வாங்கிய வண்டியின் பெரியவர் அளவு எழுதிவைத்த காகிதத்தையே கொண்டுவந்து காட்டினார். அப்போது அண்ணரே சிரித்துவிட்டார்.

படி 7: காகிதங்கள்

ஜெர்மனியில் முதல் பதிவிலிருந்து 30 ஆண்டு கடந்த, அசல் தன்மை கெடாத வண்டிக்கு, நிபுணரின் சான்று பெற்று எச் எழுத்துள்ள எண்தகடு வாங்கலாம். அதற்கு மோட்டார் சைக்கிள் வரி ஆண்டுக்கு 46 யூரோ 2 சென்ட். சாதாரணப் பதிவில் ஒவ்வொரு 25 சி.சி.க்கும், மிச்சமுள்ள பகுதிக்கும் 1 யூரோ 84 சென்ட் என்று கணக்கிட்டால் இந்த வண்டிக்கு 73 யூரோ 60 சென்ட் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையின் அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஓடிய கிலோமீட்டர் வரிசையாக இருக்கும், கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

ஆர்எஸ்ஸின் அசல் ஃபேரிங் தொழிற்சாலையிலேயே வந்தது, அதனால் தனி அனுமதி வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் அரிய ஃபேரிங் பூட்டிய பழைய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், அது பத்திரத்தில் பதிவாகியிருக்கிறதா, அல்லது அதற்கான அனுமதிச் சான்று கையில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

தனியாரிடம் வாங்கும்போது "பார்த்தபடியே வாங்கினேன்" என்ற வகையில் பொறுப்பு விலக்கும் வரி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி பாதுகாப்புத் தராது. ஆகவே வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்: "ஃபேரிங் அசல், இன்ன இடத்தில் ஒட்டு, விற்பவர் அறிந்தவரை விபத்து இல்லை." எழுத மறுத்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

படி 8: வீட்டுக்கு வந்த பின்

இன்ஜின், கியர்பாக்ஸ், தண்டு, பின் டிரைவ் ஆகிய எல்லாவற்றிலும் ஆயிலை மாற்றுங்கள். வெளியே வரும் ஆயிலில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். காப்பீட்டுக்காக ஃபேரிங்கை உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள்.

என்றாவது ஃபேரிங்கைக் கழற்ற நேர்ந்தால், ஒரு அட்டையில் அதன் வடிவத்தை வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு திருகையும் வாஷரையும் அட்டையில் அதே இடத்தில் குத்திவையுங்கள். திரும்பப் பூட்டும்போது இறுக்கி முறுக்க வேண்டாம், ரப்பர் லேசாக அமுங்கும் வரை போதும். நான் அட்டை வைத்துத்தான் செய்தேன். இருந்தும் ஒரு ரப்பர் வாஷர் மிச்சம் இருக்கிறது. எட்டு மாதமாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.