புதிய மீன் தொட்டிக்கு அம்மோனியா: எது, எவ்வளவு, எப்போது

மீன் விடுவதற்கு முன் வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்க்க அம்மோனியா தேவை. ஆனால் எந்த அம்மோனியா என்பதில்தான் நம் தோட்டப்புற ஊர்களில் குழப்பம் நேர்கிறது. பால்மரப் பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியா மூக்கைத் துளைக்கும் நெடியுள்ளது. அதன் செறிவும் நமக்குத் தெரியாது. செம்பனைக்கு இடும் கலப்பு உரத்திலோ வேறு உப்புகளும் சேர்ந்திருக்கும். கையருகில் கிடைக்கிறதே என்று இரண்டில் எதையும் தொட்டியில் போடாதீர்கள். நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடைத் தூய்மையானதாகப் பார்த்து வாங்கி, 16 கிராம் நிறுத்து, 500 மில்லிலிட்டர் நீர்க்கரைசலாக்கி, புட்டியில் பெயரெழுதி ஒட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதன் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் அம்மோனியா இருக்கும்.

அடுத்து, தொட்டியில் உண்மையாகவே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்கிடுங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் 54 லிட்டர். கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 48 லிட்டர் என்று கொள்ளலாம். குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கி, வடிகட்டியை ஓடவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் 10 மில்லிலிட்டர் கரைசலை விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவில் காட்டும். கூட்டி ஊற்றினால் வேலை விரைவாக முடியும் என்பது தவறான எண்ணம். 5 பிபிஎம்-ஐத் தாண்டினால் நுண்ணுயிர் வளர்ச்சியே தடைபடலாம்.

இனிப் பொறுமைதான் வேண்டும். நாள்தோறும் ஊற்றாமல், அம்மோனியா பூச்சியத்தை நெருங்கிய பிறகே மீண்டும் விடுங்கள். இடையில், நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட்டு மிக உயர்ந்தால், அது இறங்கும்வரை நிறுத்திவையுங்கள். நம் வெப்பநிலையில் சூடேற்றி தேவையில்லை. எனினும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். மென்னீர் (கரைந்த உப்புகள் குறைந்த நீர்) வரும் ஊர்களில் அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மை தீர்ந்து, அமில அளவைக் காட்டும் பிஎச் 6.5-க்குக் கீழே சரிந்து, எல்லாம் அப்படியே நின்றுவிடுவதுண்டு. வடிகட்டியில் ஒரு பிடி நொறுக்கிய பவளக்கல்லை வைத்தால் சரியாகும்.

2 பிபிஎம் அம்மோனியா விட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமானால் தொட்டி தயார். நைட்ரைட்டு மாறிச் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பெரும்பகுதி நீரை மாற்றி, அன்றே மீன்களை விடுங்கள். மீன் வாங்கத் தாமதமானால், நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்காதபடி அதுவரை சிறிதளவு கரைசலைத் தொடர்ந்து கொடுத்துவாருங்கள்.