பழைய காரின் பின்விளக்கு பல்பை மாற்றும் முறை

பினாங்கின் கடலோரப் பகுதிகளில் நிறுத்தி வைக்கப்படும் மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் பின்விளக்கு எரியாமல் போனால், பல்பைக் குறை சொல்வதற்கு முன் அதன் ஹோல்டரைப் பார்ப்பது நல்லது. உப்புக் காற்றில் பித்தளை களிம்பேறி மின்தொடர்பு அறுந்திருக்கலாம்.

விளக்குகளை அணைத்து, பேட்டரியின் எர்த் இணைப்பை, அதாவது கார் பாடியோடு சேரும் கம்பியை, கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மோரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது; பிற்காலத்தில் சிலர் அதை மாற்றியிருப்பதால், கம்பி எங்கே போகிறது என்று பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

விளக்கை மூடியிருக்கும் லென்ஸின் திருகுகள் துருவேறி இறுகியிருந்தால், துரு நீக்கும் எண்ணெயை விட்டுச் சற்று நேரம் காத்திருக்கவும். அவசரப்பட்டு முறுக்கினால் உடைவது எளிதில் கிடைக்காத லென்ஸாக இருக்கும். பல்பை உள்ளே அழுத்தியவாறே இடஞ்சுழியாகத் திருப்பினால் கழன்றுவிடும்.

பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் பொதுவான 12 வோல்ட், 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. அதன் பக்கவாட்டு முனைகள் ஒரே உயரத்தில் இருக்காது. அவற்றை ஹோல்டரின் காடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலைகீழாகத் திணித்தால், பிரேக்கை மிதிக்கும்போது 5 வாட் இழை மட்டுமே மங்கலாக எரிந்து, பின்னால் வருபவரை ஏமாற்றிவிடும்.

புதிய பல்பைப் பொருத்துமுன் ஹோல்டரை மெல்லிய உப்புத்தாளால் பித்தளை பளபளக்கும்வரை தேய்க்கவும். வெடித்த ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடவும். இங்கே பெய்யும் மழைக்கு அது தாங்காது. சிக்னலுக்கு எல்இடி பல்பு வாங்க நினைப்பவர்கள், சிக்னலைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷர் குறைந்த மின்னோட்டத்தில் சரியாக இயங்காது என்பதால், அதையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.