இத்தாலிய சிவப்பு ஒயின்: லேபிளில் இருப்பது ஊரா, திராட்சையா?

டூரினுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், ஒரு சிறிய உணவகத்தில் குச்சியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சியோடு ஒரு கோப்பை சிவப்பு ஒயின் குடித்தேன். நாவற்பழ நிறம், முரட்டுத்தனமில்லாத துவர்ப்பு. பெயர் கேட்டபோது பரிமாறியவர் ‘மோன்டெபுல்ச்சானோ’ என்றார். இரண்டு வாரம் கழித்து நண்பர் வீட்டு விருந்துக்காகக் கடைக்குப் போய், அதே சொல் அச்சிட்ட பாட்டிலை மும்மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். திறந்தால் நிறம், மணம், புளிப்பு எல்லாமே வேறாக இருந்தன.

அன்று எனக்குத் தெரியாமல் போனதைத்தான் முதல் படியாக வைக்கிறேன். மற்ற எதையும்விட இதில் நேரம் செலவிடுங்கள்.

படி 1: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

இத்தாலிய லேபிளில் பெரிதாக இருக்கும் சொல் சில நேரம் திராட்சையின் பெயர், சில நேரம் ஊரின் பெயர். மோன்டெபுல்ச்சானோ இரண்டுமே. ‘மோன்டெபுல்ச்சானோ தாப்ரூட்சோ’ என்றால் அப்ரூட்சோ மாநிலத்தில், மோன்டெபுல்ச்சானோ என்ற திராட்சையில் செய்தது. நான் உணவகத்தில் குடித்தது இது. ‘வீனோ நோபிலே தி மோன்டெபுல்ச்சானோ’ என்றால் டஸ்கனியில் இருக்கும் மோன்டெபுல்ச்சானோ என்ற மலையூரின் ஒயின். அதில் குறைந்தது 70 விழுக்காடு சான்ஜொவேசே திராட்சை. நான் கடையில் வாங்கியது இது.

‘தி’ என்பது நம் ‘-இன்’ உருபு போல. அதற்குப் பின்னால் வருவது ஊர் அல்லது வட்டாரம். முன்னால் வருவது பெரும்பாலும் திராட்சை: பார்பெரா தாஸ்தி (தி + அஸ்தி) என்றால் அஸ்தி வட்டாரத்துப் பார்பெரா. பரோலோ, பார்பரெஸ்கோ, கியான்டி என ஒற்றைச் சொல்லாக நின்றால் அது பெரும்பாலும் இடப்பெயர். திராட்சை எது என்று லேபிள் சொல்லாது, நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பரோலோவும் பார்பரெஸ்கோவும் முழுக்க நெப்பியோலோ. கியான்டியின் பழைய மையப் பகுதியிலிருந்து வரும் கியான்டி கிளாசிகோவில் குறைந்தது 80 விழுக்காடு சான்ஜொவேசே. இந்த இரண்டு திராட்சைகளோடு பார்பெராவையும் சேர்த்து மூன்றை மட்டும் முதலில் பழகுங்கள்.

படி 2: கழுத்துப் பட்டையைப் பாருங்கள், ஆனால் அதற்கு அடிமையாகாதீர்கள்

பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட அரசுப் பட்டை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் டி.ஓ.சி.ஜி., அதாவது இத்தாலிய ஒயின்களின் மிக உயர்ந்த அரசுத் தரநிலை. எந்த வட்டாரம், எந்தத் திராட்சை, எத்தனை மாதம் முதிர்ச்சி என்ற விதிகள் காக்கப்பட்டன என்பதற்கு அது உறுதி. பரோலோ என்றால் 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். சுவை உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு எந்தப் பட்டையும் உறுதி தராது. 1968 அறுவடையோடு விற்பனைக்கு வந்த சஸ்ஸிகாயா என்ற டஸ்கனி ஒயின், பல ஆண்டுகள் ‘மேசை ஒயின்’ என்ற கடைநிலைப் பெயரில்தான் விற்கப்பட்டது. இன்று இத்தாலியின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் அதுவும் ஒன்று.

கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் கியான்டி கிளாசிகோ. வெறும் கியான்டியில் அது இருக்காது. சிறிது கூடுதல் விலை கொடுத்துக் கிளாசிகோவை வாங்குவது தகும் என்பது என் கருத்து.

படி 3: தட்டில் என்ன இருக்கிறது?

டானின் என்றால் என்ன என்று விளக்க ஒயின் நூல்கள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. அறுசுவையில் துவர்ப்பை ஒன்றாக எண்ணும் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதேதான். டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழக்கிறது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கூட இருந்தால் டானின் அவற்றின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், நாக்கு தப்பிவிடும். அதனால்தான் இளம் பரோலோவை வெறும் வாயில் குடித்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நெப்பியோலோவின் நிறம் வெளிறியது, துவர்ப்போ கடுமையானது. நிறத்தை வைத்து எடைபோடவே கூடாது.

நீண்ட நேரம் வேகவைத்த மாட்டிறைச்சிக்குப் பரோலோ. தக்காளிச் சாறு சேர்ந்த பாஸ்தாவுக்குச் சான்ஜொவேசே, ஏனென்றால் தக்காளியின் புளிப்புக்கு முன் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். எதுவென்று தெரியாத நாளில் பார்பெரா: துவர்ப்பு குறைவு, புளிப்பு நிறைவு, ஏறத்தாழ எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். முதல் பாட்டிலாக நான் எல்லோருக்கும் சொல்வது பார்பெரா தாஸ்திதான்.

படி 4: திறப்பதும் ஊற்றுவதும்

இரண்டு கைகள் மேலெழும் இறக்கைத் திறப்பானை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அதன் தடித்த திருகு பழைய கார்க்கைப் பொடியாக்கிவிடுகிறது. உணவகப் பரிமாறுநர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும், இரண்டு படியாக நெம்பும் மடக்குத் திறப்பானே போதும்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறுக’ என்ற பழைய அறிவுரை ஹீட்டர் இல்லாத காலத்துக் கல்வீடுகளுக்கானது. பரோலோ, கியான்டி வகைகளுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் அறை 24 டிகிரியில் இருந்தால் பாட்டிலை சுமார் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான ஒயினில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. காற்றாட வைத்தாலும் அது போகாது. தயங்காமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: ‘நீரோ தாவோலா’ என்ற சிசிலி ஒயினில் நீரோ திராட்சை, ஆவோலா ஊர்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படி 1-இன் விதி இங்கே செல்லாது. ‘ஆவோலாவின் கருப்பு’ என்ற அந்த முழுத் தொடரும் திராட்சையின் பெயர். சிசிலி முழுவதும் அது விளைகிறது.

மிளகாய் தூக்கலான தென் இத்தாலியக் கலாப்ரியச் சமையலோடு பரோலோ குடித்து நாக்கு எரிந்ததாக இன்னொருவர் எழுதினார். டானினும் ஆல்கஹாலும் காரத்தைக் கூட்டிக்காட்டும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட உணவுக்கு கார்தா ஏரிக்கரையின் மெல்லிய சிவப்பு ஒயினான பார்தொலீனோவை 14 டிகிரிக்குக் குளிரவைத்துக் குடியுங்கள். மீந்த பரோலோவை கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பல நேரம் முதல் நாளைவிட அன்றுதான் அது வாய் திறந்து பேசும்.