ஊட்டியில் பருப்பு வேகவில்லையா?

ஊட்டியில் வீடெடுத்துத் தங்கிச் சமைக்கப் போகிறீர்களா? குக்கரைக் கையோடு எடுத்துப் போங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கேஸ் தண்டம். துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் மசியாது.

குக்கர் வெயிட் நீராவியை அடைத்து வைப்பதால், சமவெளியில் உள்ளே சுமார் 120 டிகிரி வரை போகும். மலையில் நான்கு டிகிரி வாக்கில் குறையும். ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால், அத்தனை சூட்டில் இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகப் பொங்கி, பருப்போடு மேலே பீய்ச்சும். அப்புறம் சுவரைத் துடைக்க வேண்டியதுதான்.