அடுத்தடுத்து இரண்டு கப்பல் பயணம்: நடுவில் சிங்கப்பூரில் கிடைக்கும் பகல்

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், சொகுசுக் கப்பல் என்றால் நம்ம பக்கத்துக்காரர்கள் பலர் முதலில் விசாரிப்பது மரினா பே துறைமுகத்தைத்தான். அங்கே 3 ராத்திரி, 4 ராத்திரி என்று சின்னப் பயணங்கள் நிறைய உண்டு. அவ்வளவு தூரம் போய் மூன்றே நாளில் திரும்புவானேன் என்று ஒரே கப்பலில் இரண்டை ஒட்டி எடுத்துவிடுகிறார்கள். முதல் பயணம் முடிந்து கப்பல் காலையில் கரை சேரும், மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள், சாயங்காலம் புது ஆட்களோடு அதே கப்பல் கிளம்பும். இடையில் உள்ள டர்ன்அரவுண்ட் பகலில் ஊர் சுற்ற நிகரமாகக் கிடைப்பது நாலு, ஐந்து மணி நேரம். அதுவும் காகிதவேலையை முன்னாடியே முடித்தவர்களுக்கு.

விசாவில் ஆரம்பியுங்கள். விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு. முதல் பயணம் முடிந்து கப்பலில் திரும்புவது இரண்டாவது, அடுத்த பயணம் முடிந்து வருவது மூன்றாவது. ஆக, பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் தாளில் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கட்டுங்கள். அதேபோல ஒவ்வொரு நுழைவுக்கும் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்தைத் தனித்தனியாக ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்பது விதி. இங்கேதான் சிக்கல். திங்கள் கிளம்பி வியாழன் திரும்பும் கப்பல் என்றால் செவ்வாய்க்கு முன்னால் நிரப்ப முடியாது. செவ்வாயன்று நீங்கள் கடலில் இருப்பீர்கள். கப்பல் வைஃபை வாங்காதவர்கள் இடையில் வரும் துறைமுகத்தில் நிரப்பலாம். அல்லது பாஸ்போர்ட் விவரத்தை ஊரில் இருக்கும் மகனிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட்டு, குறித்த நாளில் நிரப்பச் சொல்லலாம்.

ஒட்டிப் போகும் பயணம் என்றாலும் கப்பல் கம்பெனி கணக்கில் அவை இரண்டு தனிப் புக்கிங். ஒன்றில் சொன்னது இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. சைவச் சாப்பாடு, வீல்சேர், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் இரண்டிலும் பதியச் சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம். முட்டையும் மீன் சாஸும் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே அறை இரண்டுக்கும் கிடைக்குமா என்பதையும் புக் செய்யும்போதே கேளுங்கள். அறை மாறினால் அரை நாள் அதிலேயே ஓடும்.

முந்தின நாளில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. கடைசி ராத்திரி எல்லா அறைக்கும் பெட்டியில் கட்டும் கலர் அட்டை வரும், உங்களுக்கும் வரும். அதைக் கட்டிப் பெட்டியை வெளியே வைத்தால், விடிவதற்குள் பெட்டி கரையில் உள்ள ஹாலுக்குப் போய்விடும். நீங்கள் மாற்றுத்துணி இல்லாமல் கப்பலில் நிற்பீர்கள். அதே அறையில் தொடர்பவர்கள் எதையும் கட்ட வேண்டியதில்லை, அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறை மாறுபவர்கள் மேஜை டிராயரில் உள்ளதைப் பெட்டியில் போட்டு, அறைக்குள்ளேயே விட்டு வையுங்கள். ஹேங்கரில் தொங்கும் சேலை, சட்டையைப் பெரும்பாலும் அப்படியே தள்ளுவண்டியில் மாட்டிப் புது அறைக்குக் கொண்டுபோவார்கள். லாக்கரைக் காலி செய்து நகை, மாத்திரை, பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் காயப்போட்ட துண்டை எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

பணக்கணக்கும் கரை சேரும் நாள் விடியற்காலையோடு மூடப்படும். புக்கிங்கோடு வந்த கப்பல் செலவுப் பணத்தில், திருப்பித் தர முடியாதது என்று குறித்த பகுதி மிச்சமிருந்தால் அடுத்த பயணத்துக்கு வராது. காலையில் செலவழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கரையில் நிற்கும்போது கப்பல் கடைகளும் காசினோவும் மூடியே இருக்கும். குடிபானப் பேக்கேஜும் வைஃபையும் முதல் பயணத்தோடு முடிந்துவிடும். துணி துவைக்கக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே கொடுங்கள். கரை சேரும் நாளில் எல்லா அறைப் படுக்கை விரிப்பும் சலவைக்கு இறங்கும், உங்கள் சட்டை அதற்கப்புறம்தான்.

கடைசி ராத்திரி, தொடரும் பயணிகளுக்கு என்று தனியாக ஒரு கடிதம் அறைக்கு வரும். எத்தனை மணிக்கு எந்த ஹாலில் கூட வேண்டும், பாஸ்போர்ட்டோடு இறங்கி இமிக்ரேஷன் முடிக்க வேண்டுமா, கப்பலில் ஏறி இறங்கக் காட்டும் பயணி அட்டை புதிதாக எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கப்பலுக்குக் கப்பல் மாறும், எனவே போன தடவை போனவர் சொன்னதை நம்பாமல் அந்தத் தாளையே நம்புங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே கெஸ்ட் சர்வீஸ் மேஜையில் கேளுங்கள். கரை சேர்ந்த காலையில் அங்கே வரிசை வளைந்து வளைந்து நிற்கும்.

காலையில் நேரமே எழுந்து 7 மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். பஃபேயை அன்றைக்குச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். 7.30 முதல் 9.30 வரை ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியோடு லிஃப்டுக்கு நிற்பார்கள்; அந்த நேரத்தில் அம்மிச்சி, அப்பிச்சியை அங்கே நிறுத்தாதீர்கள். இறங்குவதற்கு முன்னால் புதுப் பயணி அட்டையையோ, தொடர்ந்து பயணிப்பவர் என்று காட்டும் ‘இன் ட்ரான்சிட்’ அட்டையையோ வாங்கி, அதில் உள்ள தேதியைப் பாருங்கள். பழைய அட்டையோடு போனால் திரும்பும்போது வாசல் கருவி ஏற்காது. பிறகு புதுப் பயணிகளோடு முழு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சுங்கத்திலும் கவனம் வேண்டும். சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை அறவே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவிக்க வேண்டும். வெற்றிலையோடு போடும் வாய்ப் புகையிலைக்குத் தடையே இருக்கிறது. மதுவுக்குச் சலுகை கிடைக்க 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்தால் அதுவும் இல்லை. கப்பல் கடையில் வாங்கிய பாட்டில் இரண்டாவது பயணம் முடியும்வரை கப்பலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது? சென்டோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் எல்லாம் இந்த நாளுக்கு ஆகாது. லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்கா சரியாக அமையும். துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மரினா சவுத் பியர் ரயில் நிலையம். சிவப்புத் தடத்தில் நாலாவது நிறுத்தம் டோபி காட். அங்கே ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்ததே லிட்டில் இந்தியா. நடையும் சேர்த்து ஒரு வழிக்கு முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டாம், தொட்டுச் செலுத்தும் விசா, மாஸ்டர் கார்டு வாசலில் வேலை செய்யும். வெளிநாட்டுக் கார்டுக்குச் சிறு கட்டணம் சேரும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவதானால் முதலில் அங்கே போங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் டிபன், அப்புறம் முஸ்தபா பெருங்கடை.

முஸ்தபாவில் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஸ்டவ் எதையும் அன்று வாங்காதீர்கள். சூடேறும் மின்சாமான், கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் தீ பயத்தால் கப்பலுக்குள் கூடாது. ஸ்கேனில் பிடித்து, பயணம் முடியும்வரை எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரம்பரைக்கு வாங்குவதையெல்லாம் ஊர் திரும்பும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். கட்டி வாங்கிய பிரியாணி, இட்லிப் பொட்டலமும் உள்ளே போகாது. வெளிச் சாப்பாட்டால் யாருக்காவது வயிறு கெட்டால் அது கப்பல் முழுக்கப் பரவும் என்பது அவர்கள் பயம். கம்பெனி முத்திரை பிரியாத முறுக்கு, பிஸ்கட்டை வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

தேக்காவை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு எங்கள் சிபாரிசு வேறு: இமிக்ரேஷன் முடித்த கையோடு கப்பலுக்கே திரும்புங்கள். 10 முதல் 11.30 வரை மேல்தளம் முழுக்க உங்களுக்குத்தான். நீச்சல் குளத்தைக் கழுவிக்கொண்டிருக்கலாம், வெந்நீர்த் தொட்டி வற்றிக் கிடக்கலாம். ஆனால் நாற்காலிக்கு அடிதடி இல்லை. முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வெளியே போனவர்கள் 11.30க்கு முன்னால் திரும்புங்கள், இல்லையென்றால் 2 மணிக்கு மேல். நடுவில் புதுக் கூட்டம் பெட்டியோடு ஏறும்; உங்களுக்கு செக்-இன் வரிசை இல்லாவிட்டாலும் பாதுகாப்பு ஸ்கேன் எல்லோருக்கும் ஒன்றுதான். ஏற வேண்டிய கடைசி நேரம் கப்பல் கிளம்பும் நேரம் அல்ல, அதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னால் இருக்கும். கடிதத்தில் உள்ள மணியைப் போனில் அலாரமாக வையுங்கள்.

உள்ளே வந்ததும் பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடிக்க வேண்டியிருக்கும். மூன்று நாள் முன்னால்தானே செய்தோம் என்றாலும் பெரும்பாலான கப்பல்களில் விடமாட்டார்கள். அறை மாறியிருந்தால் கூட வேண்டிய இடமும் மாறியிருக்கலாம், அட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், சைவக் குறிப்பு புதுப் புக்கிங்கிலும் இருக்கிறதா என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தலைமைப் பரிமாறுநரிடம் கேட்டுவிடுங்கள்.