எளநிக்கு ஒன்று, டம்ளருக்கு ஒன்று: ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கும் முன்

பொள்ளாச்சியில் மாமனார் ஆரம்பித்த பாத்திரக் கடையில் இப்போது கல்லாவில் உட்காருவது நான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டீல் ஸ்ட்ரா கேட்டு எங்கள் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடை வந்ததும் இன்னும் கொஞ்சம் பேர். வந்ததும் கேட்பது, "ஏனுங்க, இது எவ்வளவுங்க?" நான் திருப்பிக் கேட்பது, "எதைக் குடிக்கறதுக்குங்க?" விலையெல்லாம் அப்புறம். கோப்பையைப் பார்த்து நீளம், குடிப்பதைப் பார்த்துத் துளை. இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய ஸ்ட்ரா, கரண்டிக் கூடையில் சும்மா கிடக்கும்.

துளையிலிருந்து ஆரம்பிக்கலாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 6, 8, 12 மி.மீ. இது வெளி அளவு. தகடு அரை மி.மீ. கனம் என்றால், 6 மி.மீ. ஸ்ட்ராவின் உள்ளே 5 மி.மீ.தான் இருக்கும், 8-ல் 7. இரண்டு மி.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கெட்டியான பானம் குழாயில் ஓடும்போது, ஓட்டம் விட்டத்தின் நான்காம் படிக்குத் தக்கபடி கூடும். அதாவது அதே இழுப்புக்கு 8 மி.மீ. ஸ்ட்ராவில் கிட்டத்தட்ட நாலு மடங்கு வரும். அதனால் கம்மங்கூழ், ராகிக்கூழ், வாழைப்பழ மில்க்‌ஷேக் எல்லாவற்றுக்கும் 8. எலுமிச்சை ஜூஸ், நன்னாரி சர்பத், கரும்பு ஜூஸ், பனந்தெளுவு (பதநீர்) இதற்கெல்லாம் 6 போதும். தெளுவை 8-ல் உறிஞ்சினால் நாலே மடக்கில் தீர்ந்துபோகும், ருசி தெரியாது. மோருக்கும் 6 தான், ஆனால் தாளித்துக் கொட்டிய மோர் என்றால் வடிகட்டிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை ஒன்று குறுக்கே நின்றால் போதும், இழுத்து இழுத்துக் கன்னம் வலிக்கும். ரோஸ் மில்க்கில் ஊறிய சப்ஜா விதை 6-லும் வரும், பாதாம் பிசின் வராது, அதற்கு 8 வேண்டும். கோயம்புத்தூர் மால்களில் பிள்ளைகள் குடிக்கிற ஜவ்வரிசி உருண்டை டீ இருக்கிறதே, அதற்கு மட்டும் 12. வீட்டில் அது போடுவதில்லை என்றால் 12-ஐ வாங்கவே வேண்டாம்.

நீளத்துக்கு அளவுகோல் தேவையில்லை, ஒரு ஈர்க்குச்சி போதும். நீங்கள் அதிகம் புழங்குகிற கோப்பைக்குள் அதைச் சாய்த்துவிடுங்கள். கீழ் நுனி ஒரு ஓரத்தில், மேல்பக்கம் எதிர் விளிம்பில் சாய்ந்திருக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மூன்று விரல் விட்டு ஒடித்துவிட்டு, அந்த ஈர்க்கைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். 15 செ.மீ. உயரமும் 7 செ.மீ. அகலமும் உள்ள ஜூஸ் கிளாஸில் சாய்வு மட்டுமே 16 செ.மீ.க்கு மேல் போகும். மூன்று விரல் கூட்டினால் கிட்டத்தட்ட 21. கடையில் அதிகம் கிடைக்கிற 21.5 செ.மீ. நீளம் இதற்குச் சரியாக உட்காரும். நம் வீட்டுக் காபி டம்ளரில் அதே ஸ்ட்ராவைப் போட்டால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், டம்ளரையே சாய்த்துவிடும். குட்டி டம்ளருக்கு 15 செ.மீ. அளவில் வருவதைக் கேளுங்கள். காபி, டீ குடிக்க எந்த நீளமும் வேண்டாம். ஸ்டீல் சூட்டை நேரே உதட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அதுவுமில்லாமல் அண்ணாந்து குடிக்கத் தெரிந்த ஊரில் காபிக்கு எதற்கு ஸ்ட்ரா?

இனி எளநி. பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி நாலு வரி கூடப் பேசாவிட்டால் எப்படி? எளநிக்கு ஸ்ட்ராவின் அடி நுனி சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். குத்தித் துளைக்க அல்ல, துளையை எப்படியும் அரிவாள் போட்டுவிடும். தட்டையான நுனி உள்ளே வழுக்கையில் போய் அப்படியே ஒட்டிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்ச இன்னும் இறுகும், தண்ணீர் வராது. சாய்வு நுனி என்றால் ஒரு பக்கம் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். 8 மி.மீ. எடுத்தால் பிய்ந்து வருகிற வழுக்கைத் துணுக்கும் அடைக்காமல் வந்துவிடும். செவ்வெளநிக்கு 21.5 செ.மீ. தாராளம். தோப்பிலிருந்து நேராக வந்த பெரிய பச்சை எளநி, மேலே கொஞ்சம்தான் சீவியிருக்கிறது என்றால் 25 பக்கம் உள்ளதுதான் அடியைத் தொடும். ஒன்று மட்டும் கவனம்: சாய்வு நுனி எப்போதும் கீழே. அவசரத்தில் தலைகீழாகப் போட்டு வாயில் வைத்தால் நாக்கைக் கீறிவிடும்.

வளைந்ததா, நேரானதா என்று கேட்பார்கள். உயரமான கிளாஸை மேசையில் வைத்துக் குடிக்க வளைந்தது வசதி. எளநிக்கும் பைக்குள் வைத்து எடுத்துப் போகவும் நேரானது. சந்தேகம் என்றால் நேரானதையே வாங்குங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும், வளைந்ததில் அது தெரியாது.

மூடி போட்ட கோப்பைதான் எனக்குப் பயம். மூடியின் துளையில் ஸ்ட்ரா இறுக்கமாக நின்றால், தடுக்கி விழும்போது அது விலகிப் போகாது, நேரே முகத்தில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியோடு வீட்டில் விழுந்து, அதிலிருந்த ஸ்டீல் ஸ்ட்ரா கண் வழியாகப் பாய்ந்து இறந்துபோனார். ஸ்ட்ராவை அசையாமல் பிடித்து வைக்கிற எந்த மூடியோடும் உலோக ஸ்ட்ரா கூடாது என்று அதை விசாரித்த அதிகாரி எச்சரித்தார். ஆகவே மூடி உள்ள பாட்டிலுக்கு சிலிக்கான் ஸ்ட்ரா கேளுங்கள். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் பின் சீட்டில் பிள்ளை கையில் ஸ்டீல் ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். கை நடுங்குகிற பெரியவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால், ஸ்ட்ரா கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகு வாங்க வாருங்கள்.

எந்த ஸ்டீல் என்பது அடுத்த விஷயம். 304 அல்லது 18/8 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. நானும் தடுப்பதில்லை, ஆனால் அந்தச் சோதனை பாதிதான் சொல்லும். நிக்கல் குறைந்த 202 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-ஐக் குழாயாக இழுக்கும்போது லேசாக ஒட்டுவதும் உண்டு. செம்பு ஸ்ட்ரா பார்க்க அழகு, தண்ணீருக்குச் சரி. எலுமிச்சைக்கும் மோருக்கும் ஆகாது, புளிப்பு செம்பை அரித்து இறக்கிவிடும்.

விளிம்பைச் சோதிக்க நம் பக்கம் ஒரு நல்ல வசதி இருக்கிறது, திருப்பூர் பனியன் வேஸ்ட். ஒரு துண்டு எடுத்து ஸ்ட்ராவின் வாயைச் சுற்றித் தேயுங்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது, உதட்டிலும் அதுதான் மாட்டும். வேறு எடுங்கள். பல் கூச்சம் உள்ளவர்களும், ஸ்டீல் பல்லில் இடித்தால் பிடிக்காதவர்களும் மேலே மாட்டுகிற சிலிக்கான் முனை சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. பால், கூழ் குடித்தால் உடனே தண்ணீர் விட்டு அலசி, பிரஷை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுக்க வேண்டும், காய விட்டால் பிடித்துக்கொள்ளும். 6 மி.மீ.க்கு வருகிற பிரஷ் 12-ல் சுவரைத் தொடாது, 12-க்கு வருகிறது 6-ல் நுழையாது. ஆகவே வாங்கும்போதே கடையில் பிரஷை உள்ளே விட்டுப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 6-ல் நாலு, சாய்வு நுனி உள்ள 8-ல் இரண்டு, இரண்டு அளவுக்கும் ஒவ்வொரு பிரஷ். அதற்கு மேல் டஜன் கணக்கில் செட்டாகக் கேட்டால் கொடுப்பேன், வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான்.